ஆண்டெனாவுக்குப் போகும் அந்த ஒரு சென்டிமீட்டர்

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் நண்பனுக்கு ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்தேன். படகு கரையில் கட்டிக் கிடக்கும்போது அடியில் தண்ணீர் ஏறினால், தண்டையார்பேட்டையில் இருக்கும் அவன் வீட்டுக்குச் சேதி வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. லோரா (குறைந்த சக்தியில் வெகுதூரம் சேதி அனுப்பும் ரேடியோ முறை) மாட்யூல் ஒன்று, மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று, தண்ணீர் சென்சார், பேட்டரி. மேசைமேல் வைத்துப் பார்த்தபோது கச்சிதமாக ஓடியது. படகில் ஏற்றியபின் துறைமுக வாசலைத் தாண்டுவதற்குள் சிக்னல் செத்துப்போனது. வீடு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தூரம்தான். லோராவுக்கு அது ஒரு தூரமே இல்லை.

"இன்னா மச்சான், பொட்டி ஊமையாயிடுச்சா?" என்றான் அவன்.

புரோகிராமில் தேடினேன், பேட்டரியில் தேடினேன். கடைசியில் கோளாறு போர்டில் இருந்தது. மாட்யூலிலிருந்து ஆண்டெனா கனெக்டருக்குப் போகும் டிரேஸின், அதாவது போர்டில் ஓடும் காப்பர் கோட்டின், அகலத்தை நான் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் அதற்கு நேர் கீழே, பின்பக்க லேயரில், பேட்டரி டிரேஸ் ஒன்றைக் குறுக்கே ஓடவிட்டிருந்தேன். அந்த ஒரு கோடு, மின்னோட்டம் திரும்பி வரும் காப்பர் பரப்பான கிரவுண்டை இரண்டாகப் பிளந்துவிட்டது.

கீகாட் என்ற போர்டு வரையும் மென்பொருளில் இரண்டு லேயர் போர்டு ஒன்றிரண்டு வரைந்து பழகி, இப்போது முதல்முறையாக ரேடியோ மாட்யூல் வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈ.எஸ்.பி.32-வ்ரூம் (WROOM) மாதிரி ஆண்டெனா தன்மேலேயே அச்சாகி வரும் மாட்யூல் என்றால் உங்களுக்கு டிரேஸ் வேலையே இல்லை. ஆண்டெனாப் பகுதி போர்டின் விளிம்புக்கு வரும்படியோ விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்படியோ வையுங்கள். அதன் கீழே எந்த லேயரிலும் காப்பர் இருக்கக் கூடாது. மற்றவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

கயிறும் முடிச்சும்

காசிமேட்டில் தடித்த கயிறும் மெல்லிய கயிறும் முடிச்சுப் போட்டுக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தடித்த கயிற்றின் நுனியைப் பிடித்து ஒரு உதறு உதறினால் அலை ஓடும். முடிச்சுக்கு வந்ததும் ஒரு பங்கு மெல்லிய கயிற்றுக்குள் போகும், ஒரு பங்கு உங்கள் கைக்கே திரும்பும். டிரேஸிலும் இதுதான் நடக்கிறது. மாட்யூலின் ஆண்டெனா முனை 50 ஓம் இம்பீடன்ஸுக்குச் செய்தது; அலைக்கு இம்பீடன்ஸ் என்பது கயிற்றின் தடிமன் மாதிரி. கனெக்டரும் கேபிளும் ஆண்டெனாவும் 50 ஓம்தான். நடுவில் நீங்கள் வரையும் டிரேஸ் மட்டும் வேறொரு கயிறாக இருந்தால் அங்கே முடிச்சு விழுகிறது.

எவ்வளவு நஷ்டம்? வழக்கமான 1.6 மி.மீ. எஃப்.ஆர்.4 (கண்ணாடியிழை) போர்டில், பின்பக்கம் முழுக்க கிரவுண்ட் இருக்க, சாதாரண 0.25 மி.மீ. டிரேஸ் போட்டால் அதன் இம்பீடன்ஸ் ஏறக்குறைய 135 ஓம். அப்படி ஒரு சென்டிமீட்டர் ஓடினால், 866 மெகாஹெர்ட்ஸில் சுமார் 12 சதவீதச் சக்தி திரும்பி வரும். இதை நீங்கள் கவனிக்காமலேயே போகலாம். அதே ஒரு சென்டிமீட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட பாதியைத் திருப்பிவிடும். டிரேஸ் அலைநீளத்தோடு ஒப்பிட எவ்வளவு நீளம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 866 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் காற்றில் சுமார் 346 மி.மீ., போர்டுக்குள் 200 மி.மீ. பக்கம். 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் போர்டுக்குள் 70 மி.மீ.தான் வரும்.

ஆக, லோராவில் ஐந்து மி.மீ. டிரேஸ் கொஞ்சம் தப்பினாலும் பெட்டி ஓடும். 'ஓடுகிறது' என்பதை வைத்து 'சரியாக வரைந்தேன்' என்று நம்பிவிடாதீர்கள். நான் அப்படி நம்பித்தான் ஏமாந்தேன்.

அலைவரிசையும் போர்டும்

இந்தியாவில் உரிமம் வாங்காமல் குறைந்த சக்தியில் லோரா ஓட்ட 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை இடமுண்டு. 915 அமெரிக்காவுக்கு உரியது. கடையில் 915 என்று எழுதிய ஆண்டெனாவும் 868 என்று எழுதிய ஆண்டெனாவும் ஒரே டப்பாவில் கிடக்கும், பார்த்து எடுங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம். சின்னச் சாமான்கள் எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

போர்டு எத்தனை லேயர், எத்தனை மி.மீ. தடிமன் என்பதை வரைவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். இம்பீடன்ஸைத் தீர்மானிப்பவை டிரேஸின் அகலம், அதற்கும் கிரவுண்டுக்கும் உள்ள தூரம், நடுவில் இருக்கும் பொருள் ஆகிய மூன்றும். எஃப்.ஆர்.4 பொருளின் டைஎலக்ட்ரிக் மாறிலியை 4.4 என்று வைத்துக்கொண்டால் நம் வேலைக்குப் போதும். 1.6 மி.மீ. போர்டுக்கு வரைந்துவிட்டு, பெட்டியில் இடம் போதவில்லை என்று 0.8 மி.மீ. போர்டாக அடிக்கக் கொடுத்தால் கணக்கெல்லாம் வீண்.

முதலில் கிரவுண்ட்

எல்லாரும் அகலத்தில் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் கிரவுண்டில் ஆரம்பியுங்கள்.

டிரேஸ் தனியாக ஒரு கம்பி அல்ல. மேலே டிரேஸில் போகும் மின்னோட்டத்துக்குச் சமமாக, கீழே கிரவுண்டில் ஒன்று திரும்பி வருகிறது. இந்த அலைவரிசைகளில் திரும்பும் மின்னோட்டம் குறுக்கு வழி தேடாது. டிரேஸின் நிழல் மாதிரி அதற்கு நேர் கீழேயே ஒட்டிக்கொண்டு வரும். அந்த வழியில் ஒரு வெட்டு இருந்தால், கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்ற நாளில் வியாசர்பாடிக்காரர்கள் ஊரைச் சுற்றி வீடு சேர்வது போல, அதுவும் வெட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சுற்றும் வழி இண்டக்டராகிறது. வெட்டு தானே ஒரு வேண்டாத ஆண்டெனாவாகி சக்தியை வெளியே கசியவிடுகிறது, பக்கத்தில் ஓடும் இரைச்சலையும் உள்ளே வாங்குகிறது.

என் முதல் போர்டின் பேட்டரிக் கோடு ஒரு மி.மீ. அகலம்கூட இல்லை. ஆனால் போர்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நீண்டது. சுற்றிப் போகக்கூட வழியில்லை.

வரையும் முறை இதுதான். பாகங்களை வைக்கும்போதே ரேடியோ மாட்யூலை போர்டின் ஒரு மூலையில் வைத்து, ஆண்டெனா முனை விளிம்பைப் பார்க்கும்படி திருப்புங்கள். கனெக்டரை அதற்கு நேர் எதிரே, விளிம்பில் வையுங்கள். நடுவில் பத்துப் பன்னிரண்டு மி.மீ. இருந்தால் தாராளம். வேறு ஒரு கோடும் வரைவதற்கு முன் பின்பக்க லேயர் முழுவதையும் காப்பரால் நிரப்பி கிரவுண்டாக ஊற்றிவிடுங்கள். பிறகு மாட்யூலிலிருந்து கனெக்டர் வரையிலான செவ்வகத்தை, பின்பக்கத்தில் மற்ற டிரேஸ்களுக்குத் தடை செய்யப்பட்ட பகுதியாகக் குறியுங்கள். கீகாடில் 'ரூல் ஏரியா' என்று இதற்கு வசதி இருக்கிறது. கிரவுண்ட் ஊற்றுவதை மட்டும் அதில் அனுமதியுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒரு கோட்டை அங்கே கொண்டுபோனால் கீகாடே கத்தும். எனக்கு அது தேவைப்படுகிறது.

வோல்டேஜ் மாற்றும் கன்வர்ட்டரின் காயில், கிரிஸ்டல், யு.எஸ்.பி. கோடுகள் ஆகியவற்றை இந்தப் பக்கம் அண்டவிடாதீர்கள்.

அகலம்: மூன்றா, ஒன்றா?

டிரேஸுக்குக் கீழே மட்டும் கிரவுண்ட் இருந்தால் அதற்கு மைக்ரோஸ்டிரிப் என்று பெயர். 1.6 மி.மீ. எஃப்.ஆர்.4 போர்டில் 50 ஓம் வேண்டுமானால் அகலம் சுமார் 3 மி.மீ. 0.8 மி.மீ. போர்டில் அது 1.5 மி.மீ. நான்கு லேயர் போர்டில் கிரவுண்ட் 0.2 மி.மீ. ஆழத்திலேயே வந்துவிடுவதால் 0.35, 0.4 மி.மீ. போதும்.

3 மி.மீ. என்பது நடைமுறையில் தொல்லை. நான் பயன்படுத்திய ஆர்.எஃப்.எம்.95 மாட்யூலில் கால்களுக்கிடையே 2 மி.மீ.தான் தூரம். ஒன்பதாவது கால் ஆண்டெனா, எட்டும் பத்தும் கிரவுண்ட். 3 மி.மீ. டிரேஸ் அங்கே நுழையவே முடியாது. குறுக்கிக் கொண்டுபோய் வெளியே அகலப்படுத்தினால் அதுவே ஒரு முடிச்சு.

அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வகை. டிரேஸின் இரண்டு பக்கமும் மேல் லேயரிலேயே கிரவுண்டை நெருக்கமாகக் கொண்டுவந்து, கீழேயும் கிரவுண்டை வைப்பது. கிரவுண்டோடு கூடிய கோப்ளேனார் என்பார்கள். 1.6 மி.மீ. போர்டில் டிரேஸ் 1.1 மி.மீ., இரு பக்க இடைவெளி 0.2 மி.மீ. என்று வைத்தால் 50 ஓம் பக்கத்தில் வந்துவிடும். மாட்யூலின் கால் அகலத்துக்கும் ஏறக்குறைய பொருந்துகிறது. கீகாடுடன் வரும் கால்குலேட்டரில் 'டிரான்ஸ்மிஷன் லைன்' பகுதியில் உங்கள் போர்டின் எண்களைப் போட்டு நீங்களே சரிபாருங்கள். ஓரிரண்டு ஓம் முன்னே பின்னே போனால் பதற வேண்டாம். டிரேஸ்மேல் பூசும் பச்சை மாஸ்க்கே ஓர் ஓம், இரண்டு ஓம் குறைத்துவிடும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டிரேஸ் அகலத்தை 1.1 என்று சரியாக வைத்துவிட்டு, ஊற்றும் கிரவுண்டின் இடைவெளியை மாற்ற மறந்துவிடுவார்கள். அது 0.5 மி.மீ. என்றே இருந்தால் இம்பீடன்ஸ் 65 ஓமுக்கு ஏறிவிடும். 0.2 என்று மாற்றிவிட்டு, மறுபடி ஊற்றி, திரையில் அளந்து பாருங்கள். போர்டு அடித்துத் தருபவர் 0.2 மி.மீ. இடைவெளியைச் சுத்தமாக அடித்துத் தருவாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேல் கிரவுண்டையும் கீழ் கிரவுண்டையும் வயாக்களால் (லேயர்களை இணைக்கும் காப்பர் பூசிய துளைகள்) தைக்க வேண்டும். டிரேஸின் இரு பக்கமும், இடைவெளியின் ஓரத்தை ஒட்டி, வரிசையாக. அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்கு ஒரு வயா என்பது நடைமுறைக் கணக்கு. 866-க்கு 10 மி.மீ., 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 3 மி.மீ. என்று வரும். நான் எதுவானாலும் 2 மி.மீ.க்கு ஒன்று போட்டுவிடுகிறேன், வயாவுக்குத் தனிக் காசு கேட்பதில்லையே. வயா இல்லாத மேல் கிரவுண்ட், ஒரு பக்கம் மட்டும் கட்டிய படகு மாதிரி. எங்கே ஆடும் என்று சொல்ல முடியாது.

டிரேஸை நேராகப் போடுங்கள். வளைத்தே ஆக வேண்டுமென்றால் வில்லாக வளையுங்கள். 90 டிகிரி மூலை வந்தால் உலகம் அழிந்துவிடும் என்று டீக்கடை வாதம் செய்பவர்கள் இருக்கிறார்கள். 866-இல் ஒரு மூலை உங்கள் சிக்னலைக் கொல்லாது. லேயர் மாற்றுவதும், சோதனைக்காக என்று டிரேஸிலிருந்து ஒரு கிளை இழுப்பதும்தான் கெடுதல்.

மூன்று பாகங்களுக்கு இடம் விடுங்கள்

கனெக்டருக்குக் கொஞ்சம் முன்னால், டிரேஸில் தொடராக ஒரு பாகத்துக்கும், அதன் இரு பக்கமும் கிரவுண்டுக்கு இறங்கும் இரண்டு பாகங்களுக்கும் இடம் விடுங்கள். கிரேக்க எழுத்து 'பை' போல இருப்பதால் பை நெட்வொர்க் என்று பெயர். முதலில் நடுவில் 0 ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்து, பக்கத்து இரண்டையும் காலியாக விடுங்கள். பின்னால் ஆண்டெனா சரியாகப் பொருந்தவில்லை என்று தெரிந்தால், போர்டை மறுபடி அடிக்காமலேயே அங்கே கெபாசிட்டரும் இண்டக்டரும் வைத்துத் திருத்தலாம்.

0603 அளவு பாகங்கள் 0.8 மி.மீ. அகலம். 1.1 மி.மீ. டிரேஸில் அழகாக உட்காரும், கையாலும் பற்றவைக்க முடியும். பக்கத்துப் பாகங்களின் பேட் (பற்றவைக்கும் காப்பர் இடம்) டிரேஸின் மேலேயே இருக்க வேண்டும், வாலாக நீளக் கூடாது. கிரவுண்ட் பக்கப் பேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வயா. கெபாசிட்டர் சி0ஜி வகையாகவும், இண்டக்டர் ரேடியோ அலைவரிசைக்கு என்று விற்பதாகவும் பார்த்து வாங்குங்கள்.

கனெக்டர், ஓர் அவமானம்

விளிம்பில் உட்காரும் எஸ்.எம்.ஏ. கனெக்டரைப் பரிந்துரைப்பேன். அதன் கிரவுண்ட் கால்கள் போர்டின் மேலும் கீழும் பிடிக்கும். எல்லாக் கால்களையும் பற்றவையுங்கள், மேலே மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கிரவுண்ட் காப்பர் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் சின்ன அயர்ன் திணறும், 60 வாட் வேண்டும். யு.எஃப்.எல். என்ற குட்டிக் கனெக்டரும் நல்லதுதான், ஆனால் முப்பது தடவை கழற்றி மாட்டத்தான் கணக்கு. சோதனைக் காலத்திலேயே அது தீர்ந்துவிடும்.

இனி அவமானம். கிரவுண்டைத் திருத்தி இரண்டாவது போர்டு வந்தது. புது ஆண்டெனா வாங்கி மாட்டினேன். மரை அருமையாக ஏறியது, சிக்னல் பழையபடியே படுத்தது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டபின் ஆண்டெனாவைக் கழற்றி உள்ளே பார்த்தேன். நடுவில் ஊசி இல்லை, ஓட்டைதான். போர்டிலிருந்த கனெக்டரிலும் ஓட்டை. ஓட்டையும் ஓட்டையும் எதிரெதிரே! வைஃபை ரூட்டர்களில் வரும் ஆர்.பி.எஸ்.எம்.ஏ. வகை ஆண்டெனா அது. மரை ஒன்றேதான், நடு ஊசி மட்டும் இடம் மாறியிருக்கும். வாங்கும்போது இரண்டையும் கையில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஊசி, இன்னொன்றில் ஓட்டை இருக்க வேண்டும். ஆண்டெனா சரியாக மாட்டாமல் முழுச் சக்தியில் அனுப்பினால் மாட்யூலின் பவர் ஆம்ப்ளிஃபையரே கருகக்கூடும். என்னுடையது பிழைத்தது அதிர்ஷ்டம்.

அளந்து பார்ப்பது

எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று அளக்கும் நானோ வி.என்.ஏ. என்ற கையடக்கக் கருவி இல்லாமல் இதெல்லாம் குருட்டு நம்பிக்கைதான். நண்பர்களிடம் இருந்தால் இரவல் வாங்குங்கள். பழைய மாடல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை நன்றாக அளக்கும், லோராவுக்கு அது போதும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் மாடல் வேண்டும்.

மாட்யூலைப் பற்றவைக்காத வெறும் போர்டு ஒன்றை எடுங்கள். அதற்காகத்தான் எப்போதும் ஐந்து போர்டு அடிக்கச் சொல்கிறேன். மாட்யூலின் ஆண்டெனாக் கால் வர வேண்டிய பேட்டில் 49.9 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை, மறுமுனை பக்கத்து கிரவுண்டில் இருக்கும்படி பற்றவையுங்கள். அது கையில் இல்லையென்றால் 100 ஓம் இரண்டைப் பக்கம் பக்கமாக. நடு பை இடத்தில் 0 ஓம் இருக்கட்டும். கருவியை, உங்கள் கேபிளின் நுனி வரை ஓப்பன், ஷார்ட், லோடு மூன்றையும் மாட்டிக் கேலிபரேட் செய்த பிறகு, எஸ்.எம்.ஏ.வில் இணையுங்கள். எஸ்11 கோடு (திரும்பி வரும் சக்தியைக் காட்டுவது) 866-இல் மைனஸ் 20 டெசிபெலுக்குக் கீழே இருந்தால் உங்கள் டிரேஸும் கனெக்டரும் நல்ல கயிறுகள்தான். மைனஸ் 12, 13 என்று நின்றால் இடைவெளியையும் கனெக்டரின் கிரவுண்ட் பற்றையும் பாருங்கள். என் பிளந்த கிரவுண்ட் போர்டை இப்படி அளந்திருந்தால் மேசையிலேயே பிடிபட்டிருக்கும்.

டிரேஸ் தேறிய பிறகுதான் ஆண்டெனா. கேபிளின் நுனியில் ஆண்டெனாவை மாட்டி எஸ்11 பாருங்கள், கையால் பிடிக்காமல், மேசை இரும்பாக இல்லாமல். மைனஸ் 10 டெசிபெல் என்றால் பத்தில் ஒரு பங்கு சக்தி திரும்புகிறது என்று பொருள். அதைவிடக் கீழே போனால் படகுக்குப் போதும். கம்பியாலேயே ஆண்டெனா செய்கிறீர்கள் என்றால் கால் அலைநீளம் 86 மி.மீ. வரும். 95 மி.மீ.யாக வெட்டி ஆரம்பித்து, கோட்டின் பள்ளம் 866-க்கு ஏறும் வரை ஒவ்வொரு மி.மீ.யாக நறுக்குங்கள். பள்ளம் 866-க்குக் கீழே நின்றால் கம்பி நீளம், மேலே போய்விட்டால் அதிகமாக நறுக்கிவிட்டீர்கள். இந்தக் கம்பிக்கு போர்டின் கிரவுண்டும் ஆண்டெனாவின் பாதிதான். அதனால் கம்பியைக் கேபிள் நுனியில் அளக்காமல், போர்டில் மாட்டியே அளக்க வேண்டும். போர்டு தீப்பெட்டி அளவுக்குச் சின்னதென்றால் நீளத்தைச் சரிசெய்து மட்டும் தீராது. அங்கேதான் பை நெட்வொர்க் கைகொடுக்கும்.

பெட்டிக்குள் வைத்து, மூடியையும் போட்டு ஒரு தடவை அளந்துவிடுங்கள். பிளாஸ்டிக் மூடி பக்கத்தில் வந்தாலே பள்ளம் கீழே நகரும்.

உப்புக் காற்று

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, வீட்டு ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று தெரியும். எஸ்.எம்.ஏ. மரைக்குள் உப்பு இறங்கினால் பச்சை பூத்து, 50 ஓம் எல்லாம் கதையாகிவிடும். இறுக்கிய பிறகு தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள், கேபிள் பக்கத்திலிருந்து மேல்நோக்கி. சிலிக்கான் பூசுவதென்றால் வினிகர் வாடை வருவதை வாங்காதீர்கள், அது காப்பரை அரிக்கும். நியூட்ரல் என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். கேபிளைப் பெட்டிக்குள் நுழையவிடும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டால், தண்ணீர் அதன் அடியிலேயே சொட்டிவிடும்.

ஆண்டெனாவைப் படகின் கேபின் கூரைக்கு மேலே, இரும்புக் குழாய்களிலிருந்து ஒரு முழமாவது தள்ளிக் கட்டினோம். மூன்றாவது போர்டு அது. வீட்டில் சேதி வந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், பெயின்ட் வேலையும் எஞ்சின் வேலையும் நடக்கும். அந்த நாட்களில் நானும் போய் டேப்பை வெட்டிக் கனெக்டரைக் கழற்றி, எஸ்11 ஒரு முறை அளந்துவிட்டு, புது டேப் சுற்றிவிட்டு வருகிறேன்.